புது நம்பர், பழைய சரக்கு

'எக்ஸ்-மென்' என்னும் அமெரிக்கச் சித்திரக் கதைப் பத்திரிகை 2024-இல் மறுபடியும் 'முதல் இதழ்' என்று போட்டுக்கொண்டு வந்தது. வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முதல் இதழ் என்பதற்காகவென்றால், வேண்டாம் என்பேன்.

பிறவியிலேயே விசித்திர சக்தி வாய்த்ததால் உலகம் வெறுக்கும் அந்த வீரர் கூட்டத்தை ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் படைத்தது 1963-இல். கதை எடுபடவில்லை. 1970 முதல் ஐந்தாண்டுகள் பழைய கதைகளையே திரும்ப அச்சடித்துக் காலம் தள்ளினார்கள். 1975-இல் லென் வீனும் டேவ் காக்ரமும் ஒரு சிறப்பிதழில் கென்யா, ஜெர்மனி, ரஷ்யா என்று பல தேசத்து ஆட்களைச் சேர்த்தார்கள். கூட்டத்துக்கு உயிர் வந்தது. பத்திரிகையோ 94-ஆம் இதழ் என்றே தொடர்ந்தது. அங்கிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் பதினாறு ஆண்டுகள் எழுதினார்.

1991-இல் புதிதாக ஒரு 'முதல் இதழ்'. ஐந்து விதமான அட்டை. உள்ளே ஒரே கதை. எண்பது லட்சம் பிரதிகளுக்குமேல் போயின. படிக்கவா? விலை ஏறுமென்று பெட்டியில் பூட்டிவைக்கவே பலர் வாங்கினார்கள். எண்பது லட்சம் கிடக்கும் சரக்குக்கு விலை எப்படி ஐயா ஏறும்? மூன்றாம் இதழோடு கிளேர்மான்ட் வெளியேறினார். 1996-இல் மார்வெல் கம்பெனியே திவால் மனுக் கொடுத்தது.

ஆகவே, நம்பரை மறந்துவிட்டு நாலு பக்கம் புரட்டுங்கள். எழுதியவனிடம் சொல்ல விஷயம் இருக்கிறதா? இருந்தால் நாற்பதாம் இதழானாலும் வாங்குங்கள். அட்டைக்கும் நம்பருக்கும் காசைக் கொட்டும் வாசகன், கதை சொல்லத் தெரிந்தவனை வீட்டுக்கு அனுப்புகிறான்.