சதவீதம் வேண்டாம், தேதி சொல்லுங்கள்

மாதம் பிறந்து முதல் வாரம் முடிவதற்குள் கட்டுமான நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். எட்டுப் பத்துப் படங்கள் இருக்கும். ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்து எடுத்த படம் ஒன்று, தலைக்கவசம் போட்ட இஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று, மீதியெல்லாம் சுவர்கள். கீழே ‘பணிகள் முழு வீச்சில் நடைபெற்று வருகின்றன’ என்று ஒரு வரி. பக்கத்தில் பெரிய எழுத்தில் 82 சதவீதம். போன மாதம் 81 என்றிருந்தது. அதற்கு முந்தைய மாதம் 79. இதைப் படித்துவிட்டு நான் என்ன முடிவு எடுப்பது? எத்தனை முறை திருப்பித் திருப்பிப் படித்தாலும் அந்தக் கேள்விக்கு அதில் பதில் கிடைப்பதில்லை.

பெருங்களத்தூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பதிவு செய்திருக்கிறோம். இப்போது இருப்பது குரோம்பேட்டையில், வாடகைக்கு. தளம் போடப் போட வங்கி கடன் தொகையைப் பகுதி பகுதியாக விடுவித்தது. விடுவித்த தொகைக்கு ப்ரீ-இஎம்ஐ வட்டி சம்பளத்திலிருந்து போகிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வாடகையும் வட்டியும் ஒரே மாதத்தில் கட்டுகிற குடும்பங்களுக்கு மூன்றாவது வாரத்திலேயே மாதம் முடிந்துவிடும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டுக்காரம்மா வந்து, “ஒப்பந்தம் முடியுது, இன்னும் பதினோரு மாசத்துக்குப் போடலாமா, இல்ல காலி பண்றீங்களா? வேற ஆளுக்குச் சொல்லணும்” என்கிறார். அவர் கேட்பது நியாயம். மகளைப் புதுவீட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா, பழைய பள்ளியிலேயே அடுத்த ஆண்டுக்கும் கட்டணம் கட்டுவதா? இதற்கும் இப்போதே முடிவு சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் தேவைப்படுவது ஒரே ஒரு தேதி. நிறுவனம் அனுப்புவதோ படங்கள்.

முதலில் இந்தச் சதவீதத்தைப் பற்றிப் பேச வேண்டும். எதில் 82? செலவான பணத்திலா, போட்ட காங்கிரீட்டிலா, முடிந்த வேலைகளின் எண்ணிக்கையிலா? அறிக்கை சொல்வதில்லை. அஸ்திவாரமும் தூண்களும் தளங்களும் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள், மளமளவென்று எழும்பிவிடும். செங்கல் கட்டு, சுவருக்குள் போகும் குழாய், ஒயரிங், பூச்சு, டைல்ஸ், ஜன்னல், லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் அப்படியல்ல. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. குளியலறையில் தண்ணீரைத் தேக்கிக் கசிவு பார்க்காமல் டைல்ஸ் ஒட்டக் கூடாது. ஒயர் இழுக்கும் குழாயைப் பதிக்காமல் பூசினால் பூச்சை உடைக்க வேண்டிவரும். இத்தனையும் முடிந்த பிறகு தீயணைப்புத் துறையின் சான்று, சிஎம்டிஏவின் பணி நிறைவுச் சான்று, அதைக் காட்டி மின் இணைப்பு. கட்டடம் 95 சதவீதம் முடிந்திருக்கலாம். நிறைவுச் சான்று வரவில்லை என்றால் நான் பெட்டி படுக்கையைக் கட்ட முடியாது. கடைசி ஐந்து சதவீதத்துக்கு ஓர் ஆண்டு பிடித்தால், அந்த ஆண்டு முழுவதும் ‘ஏறக்குறைய முடிந்துவிட்டது’ என்றே அறிக்கை வந்துகொண்டிருக்கும்.

பொங்கலுக்கு முன்னால் வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிஎஃப் பணத்தைப் போட்டு ஏழாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறார். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எழுந்து கேட்டார்.

“தம்பி, லிஃப்டு எப்ப வரும்?”

“பிராசஸ்ல இருக்கு அங்கிள். சீக்கிரம் வந்துடும்.”

“ஆர்டர் போட்டாச்சாப்பா?”

“மேனேஜ்மென்ட்ல ஃபாலோ பண்ணிட்டிருக்காங்க அங்கிள்.”

“போட்டாச்சா, போடலையா? அதை மட்டும் சொல்லு, போதும்.”

மேலாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். பெரியவர் உட்காரவில்லை, கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார்: “வண்டி மூணு மணி நேரம் லேட்டுன்னு மைக்ல சொன்னா ஜனங்க திட்டுவாங்க சார். திட்டிட்டு, போய்ச் சாப்பிட்டுட்டு வருவாங்க. ஒண்ணுமே சொல்லலைன்னா பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு பிளாட்பாரத்துலயே கெடப்பாங்க. முப்பது வருஷம் பாத்திருக்கேன்.”

நிலை அறிக்கை என்பது எதற்காக என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. படிக்கிறவர் மனதைக் குளிர்விப்பது அதன் வேலை அல்ல. அவர் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க உதவ வேண்டும். தாமதம் என்று சொன்னால் கோபம் வரும், உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்தோடு என்னால் திட்டம் போட முடியும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியும். வங்கியில் பேச முடியும். சொல்லாமல் விட்டால் இதில் ஒன்றும் முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே சொல்லிவிட்டு சைட்டுக்குப் போனோம். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் வரவேண்டிய குழி அப்படியே இருந்தது. யாரும் விழுந்துவிடாமல் இருக்கச் சவுக்குக் கம்புகளைக் குறுக்கே கட்டியிருந்தார்கள், அடியில் மழைத்தண்ணீர். பின்பக்கம் இரண்டாவது பிளாக் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே தூண்களுக்கு ஈரக் கோணிச் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொரு தூணிலும் சாக்பீஸால் ஒரு தேதி. மேஸ்திரியிடம் விசாரித்தேன். “காங்கிரீட் போட்ட தேதிங்க அது. அதை வெச்சுத்தான் எத்தினி நாள் தண்ணி காட்டணும்னு கணக்கு. எழுதலைன்னா அடுத்து வர்ற ஆளுக்கு எந்தத் தூண் எப்பப் போட்டதுன்னு எப்படித் தெரியும்?”

அந்த மேஸ்திரிக்கு அறிக்கை எழுத யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அடுத்து வருகிற ஆள் யார், அவனுக்கு எது தெரியாவிட்டால் வேலை கெடும் என்று யோசித்து, அதை மட்டும், அவன் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறார். எங்களுக்கு வருகிற மின்னஞ்சலில் இந்த அக்கறைதான் இல்லை.

சைட் இஞ்சினியர் சின்ன வயதுப் பையன். லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். “அட்வான்ஸே இன்னும் போகல சார். நான் வாரா வாரம் ரிப்போர்ட்ல எழுதிட்டேதான் இருக்கேன்.” அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. கீழே இருக்கிறவர், ‘முன்பணம் கட்டவில்லை, இதனால் மற்ற வேலைகளும் தள்ளிப்போகும்’ என்று எழுதுகிறார். அதற்கு மேலே இருப்பவர் அதை, ‘லிஃப்ட் கொள்முதல் நிலையில் உள்ளது’ என்று மாற்றுகிறார். அவருக்கும் மேலே போகும்போது, ‘இதர சேவைப் பணிகள் நடைபெறுகின்றன’ என்று ஆகிவிடுகிறது. கடைசியில் விளம்பரப் பிரிவு அந்த வரியையும் எடுத்துவிட்டு ட்ரோன் படத்தைச் சேர்க்கிறது. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் மழுப்புகிறார்கள். எங்கள் கைக்கு வரும்போது லிஃப்ட் என்ற சொல்லே அதில் இருப்பதில்லை. தொலைபேசியை எடுக்கிற கஸ்டமர் கேர் பெண்ணிடம் கத்தி என்ன பயன்? அவருக்கும் அதே படங்களைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பெரிய பெரிய நிறுவனங்களே இதில் சிக்கித் தவித்திருக்கின்றன. மறைமலைநகரில் தொழிற்சாலை அமைத்ததால் நமக்கெல்லாம் தெரிந்த ஃபோர்டு, 2006-இல் பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தலைமை நிர்வாகியாக வந்த ஆலன் முலாலி, வியாழக்கிழமைதோறும் உயர் அதிகாரிகளைக் கூட்டி நிலை அறிக்கை கேட்டார். சரியாகப் போனால் பச்சை, சிக்கல் தெரிந்தால் மஞ்சள், மாட்டிக்கொண்டால் சிவப்பு. வாராவாரம் எல்லோரும் பச்சையே காட்டினார்கள். கம்பெனி இவ்வளவு நஷ்டப்படும்போது சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டார். பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, வெளிவர இருந்த ‘எட்ஜ்’ காரில் கோளாறு இருக்கிறது என்று சிவப்பைக் காட்டினார். அவர் வேலை போயிற்று என்றே அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். அந்தக் கோளாறைத் தீர்க்க யார் கைகொடுக்க முடியும் என்று கேட்டார். மற்ற அதிகாரிகள் அங்கேயே உதவ முன்வந்தார்கள். சில வாரங்களில் மற்றவர்களின் அறிக்கைகளிலும் சிவப்பும் மஞ்சளும் வரத் தொடங்கின. உண்மையைச் சொன்னவனை உதைக்காத இடத்தில்தான் உண்மை வரும். எங்கள் சைட் இஞ்சினியர் எழுதியதைப் பார்த்து யாராவது ஒருவர், “நல்ல வேளை சொன்னீங்க தம்பி” என்று சொல்லியிருந்தால், லிஃப்ட் ஆர்டர் எப்போதோ போயிருக்கும்.

வேலையின் நிலையை உள்ளபடி சொல்வது ஏதோ நல்ல மனதிருந்தால் செய்கிற உபகாரம் என்று கட்டுமான நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திறந்து பார்க்கட்டும். எத்தனை வீடு விற்றிருக்கிறது, எந்தெந்த அனுமதி கிடைத்திருக்கிறது, எது பாக்கி, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம் உட்பட ஒவ்வொரு கட்டமும் எப்போது முடியும் என்ற கால அட்டவணையைத் தெரிந்துகொள்ள வீடு வாங்குகிறவருக்கு உரிமை உண்டு என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. எங்களிடமிருந்து வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வேலை எந்த அளவு முடிந்திருக்கிறது என்று பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று கொடுத்த பிறகுதான், அந்த அளவுக்கு மட்டும், பணத்தை எடுக்கலாம். அப்படியென்றால் துல்லியமான கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பணம் எடுக்கப் போகும்போது பயன்படுகிற அந்தக் கணக்கு, பணம் கொடுத்தவன் கேட்கும்போது மட்டும் ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது?

உண்மையைச் சொன்னால் வாங்க வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஒரு விற்பனை அதிகாரி என்னிடம் சொன்னார். ஓடமாட்டார்கள். ஏற்கெனவே பணம் போட்டவர்கள் எங்கே ஓடுவது? இனி வாங்க வருகிறவரும் எங்களைப் போன்ற ஒருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் வருவார். அவரிடம் நாங்கள் என்ன சொல்வோம் என்பது அந்த மின்னஞ்சலில்தான் தீர்மானமாகிறது. இவ்வளவு பட்ட பிறகும் சொல்கிறேன், தாமதத்தைக்கூட மன்னிப்பேன். மழை, ஆள் பற்றாக்குறை, பணத் தட்டுப்பாடு எல்லாம் கட்டட வேலையில் வரக்கூடியவைதான். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நாலு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் வாங்காமல் இருந்திருக்கக்கூடிய கடனை வாங்கியவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

எப்படி எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதோ. இவ்வளவு போதும்:

‘ஏ பிளாக்கை அக்டோபரில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தோம். அது முடியாது. லிஃப்ட்டுக்கு முன்பணம் கட்டுவதில் மூன்று மாதம் தாமதித்துவிட்டோம். இம்மாதம் 10-ஆம் தேதி கட்டினோம். ஜூலை இறுதியில் லிஃப்ட் வந்து சேரும், பொருத்தி உரிமம் வாங்க செப்டம்பர் ஆகும். 5-ஆம் மாடி வரை குளியலறைக் கசிவுச் சோதனை முடிந்தது. 6, 7-ஆம் மாடிகளில் பாக்கி. தீயணைப்புத் துறைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. லிஃப்ட் வந்த பிறகு விண்ணப்பிப்போம். புதிய ஒப்படைப்பு மாதம் ஜனவரி. வாடகை ஒப்பந்தத்தை அதற்கேற்ப நீட்டித்துக்கொள்ளுங்கள். இந்தத் தேதிகளில் எது மாறினாலும் அந்த வாரமே தெரிவிப்போம்.’

படம் எதுவும் இல்லை, சதவீதமும் இல்லை. எழுதிமுடிக்கக் கால் மணி நேரம் ஆகாது. சொன்ன தேதி, தவறியதற்குக் காரணம், புதுத் தேதி, நான் செய்ய வேண்டியது எல்லாம் இதில் இருக்கின்றன. இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்று இரவு எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். மறுநாள் காலை வீட்டுக்காரம்மாவிடம் போய், “பதினோரு மாசத்துக்குப் போட்டுடுங்கம்மா” என்று சொல்லிவிடுவோம்.

என்னைப் போல் வீடு பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ‘எவ்வளவு முடிந்தது’ என்று கேட்காதீர்கள். என்னென்ன பாக்கி, ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்கு முடியும், எந்த அனுமதிக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று கேளுங்கள். 19-ஆம் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் குடியிருப்பின் பதிவு எண்ணைப் போட்டு, அங்கே என்ன ஏற்றியிருக்கிறார்கள், உங்களுக்கு என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகக் கேட்டால் ‘பிராசஸ்ல இருக்கு’ என்றுதான் பதில் வரும். நாற்பது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.