கம்பளிக் குல்லா

எட்டு மாதக் குழந்தையோடு மஞ்சூரிலிருந்து தரங்கம்பாடி போகிறோம் என்றதும் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடல் பக்கம் எதுக்குங்க மாப்பிள்ளை?" பதிலுக்குக் காத்திராமல் கம்பளிக் குல்லா பின்ன உட்கார்ந்துவிட்டார்.

தரங்கம்பாடியிலிருந்து என் அம்மா போனில், "யானை வர்ற வழியிலயா புள்ளையத் தூக்கிட்டு வர்றே? ஊட்டி வழியாச் சுத்தி வா தம்பி" என்றாள்.

சுற்றியும் வரலாம். ஆனால் கெத்தை வழியே காரமடைக்கு இறங்கினால் கோவைக்குக் கூட்டமில்லாத பாதை. 43 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் காடு. இறங்க இறங்கப் பெரியவர்களுக்கே காது அடைக்கும். நாம் எச்சிலை விழுங்கிச் சமாளிப்போம். கைக்குழந்தைக்கு அது தெரியாது, வீறிட்டு அழும். பால் கொடுத்துக்கொண்டே இறங்கினால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இதைப் பேருந்தில் பின்சீட்டு அம்மா ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

பாதி வளைவு தாண்டியிருப்போம். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். முப்பதடி தூரத்தில் ஒரு பெண் யானை, அதன் முன்கால்களுக்கு நடுவில் குட்டி. குட்டியோடு நிற்கும் யானையிடம் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பேருந்து முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் "பா... பா..." என்று கூவ ஆரம்பித்தாள். அத்தனை தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. குளிரிலும் எனக்குச் சட்டை நனைந்தது. மனைவி சேலையை இழுத்துக் குழந்தையை மூடி மறுபடி பாலுக்கு விட்டாள். "குட்டியும் குடிக்குது பாருங்க, முடிச்சதும் போயிரும்" என்றாள், ஏதோ அடுத்த வீட்டுக் கதை சொல்வதுபோல. பார்த்தேன். தும்பிக்கையை மேலே ஒதுக்கிவிட்டு வாயால் குடித்துக்கொண்டிருந்தது. தும்பிக்கையால்தான் உறிஞ்சும் என்று அதுநாள்வரை நினைத்திருந்தவன் நான்.

இருபது நிமிடத்தில் வழி கிடைத்தது.

கெத்தையில் மலையை ஒட்டிச் சரியும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம். கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த உதவியோடு 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம் இது. குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒரே தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து மின்சாரம் கொடுத்துவிட்டுப் பவானியில் போகிறது; பவானி நகரில் காவிரியைத் தொடுகிறது. இடையில் வயல்களும் ஊர்களும் குடித்தது போக மிச்சம் இருந்தால் பூம்புகாரில் கடல். மறுநாள் கோவையில் ஜன் சதாப்தி ஏறிய எங்களுக்கும் ஏறத்தாழ அதே தடம்தான். குளித்தலைப் பக்கம் ஜன்னலில் காவிரி தெரிந்தபோது, எங்கள் ஊர்த் தண்ணீர் என்று மகளுக்குக் காட்டினேன். அவள் முன்சீட்டுக்காரர் முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரங்கம்பாடியில் சாயங்காலம். டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கும், முன்பகுதியைக் கடலுக்குப் பறிகொடுத்த மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் நடுவே அம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். யானையைப் பார்த்து அசராத என் மனைவி, "அத்தை, பின்னால வாங்க, பின்னால வாங்க" என்று கரையில் தவித்தாள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இரண்டு வருடம் இந்தப் பக்கமே வராத அம்மாதான் இவள். அலையை ஒரு பார்வை பார்த்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா கெடக்கு" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மாமியாரிடம் யானையைப் பற்றிக் கேட்டாலும் இப்படித்தான்.

இருட்டியதும் அம்மா பையைத் துழாவி, நான் அடியில் ஒளித்து வைத்திருந்த கம்பளிக் குல்லாவை எடுத்துவிட்டாள். "கடக்காத்து காதுல ஏறிடும்டா." எனக்கு வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. குழந்தையின் தலையில் குல்லா ஏறியது. அதைப் படம் எடுத்து மஞ்சூருக்கு அனுப்பினேன்.

இரண்டே நிமிடத்தில் மாமியார் அழைத்தார். "இடது காது வெளிய தெரியுதே மாப்பிள்ளை."