ஊருக்கு போறீங்க... நாயை என்ன பண்ண போறீங்க?

ஸ்லீப்பரில் ஏற்ற முடியாது. கட்டிப் போட்டாலும் குற்றம்!

சென்னை:

தீபாவளி, பொங்கல் வந்தாலே எழும்பூர், தாம்பரம் ஸ்டேஷன்களில் கூட்டம் அலைமோதும். மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி எல்லாம் ரயில் ஏறிவிடும். வீட்டில் ஆசையாக வளர்த்த நாய்க்கு மட்டும் இடம் கிடையாது. 4 நாள் அதை எங்கே விடுவது? வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

காசு இருந்தால் கூபே

ரயிலில் பெரிய நாயை கொண்டுபோக 2 வழிதான் உண்டு. ஒன்று, முதல் வகுப்பு. 2 படுக்கை உள்ள கூபே அல்லது 4 படுக்கை உள்ள கேபினை முழுசாக எடுத்தால் நாயை கூடவே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் தனியாக புக்கிங் உண்டு. கூபே கிடைக்குமா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும்.

இன்னொரு வழி, கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. ஸ்லீப்பர், 3-ம் வகுப்பு ஏ.சி., 2-ம் வகுப்பு ஏ.சி., சேர் கார் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. 'டி.டி.ஆர். கிட்ட பேசிக்கலாம்' என்று ஏறினால் பல மடங்கு கட்டணத்தை கறந்துவிடுவார்கள். ஆக, கூலி வேலைக்கு போறவர் வீட்டு நாய்க்கு கூண்டு மட்டும்தான் கதி.

விதி ஒன்று, நடப்பது ஒன்று

விலங்குகளை கொண்டு செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதி என்ன சொல்கிறது தெரியுமா? கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும், குளிர் காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீர் தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் ரயில் பயணம் என்றால் கூட ஒரு ஆள் போக வேண்டும். அவர் எல்லா ஸ்டேஷனிலும் நாயை பார்க்க விட வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ரயில் நிற்பதோ பல ஊர்களில் 2 நிமிடம். கார்டு பெட்டி கடைசியில். நடுவில் உள்ள ஸ்லீப்பரில் இருந்து இறங்கி ஓடி தண்ணி வச்சுட்டு திரும்புவதற்குள் ரயில் கிளம்பிவிடும். கூண்டுக்குள் வெக்கையும் சத்தமும் வேறு. பழக்கம் இல்லாத நாய் மிரண்டு போகும்.

கூட்டிட்டு போகணும்னா...

கூண்டில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், இரவு ரயில் நல்லது. கால்நடை டாக்டரிடம் பயணத்துக்கு 1 அல்லது 2 நாள் முன்பு சான்றிதழ் வாங்கணும். வெறிநாய்க்கடி தடுப்பூசி அட்டை கையில் இருக்கணும். 3 மணி நேரம் முன்பே பார்சல் ஆபீசுக்கு போயிடணும். கிளம்ப 2 மணி நேரம் முன்பே சோறு, தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் அது படுக்கும் பழைய துணியை கூண்டில் போட்டால் கொஞ்சம் அடங்கி இருக்கும். டாக்டரை கேட்காமல் தூக்க மாத்திரை தரவே கூடாது. விழுப்புரம், திருச்சி போல ரயில் கூடுதல் நேரம் நிற்கும் ஸ்டேஷனில் போய் பார்க்கலாம்.

அபராதம் 10 ரூபாய்!

இதெல்லாம் தொல்லை என்று நாயை கட்டிப் போட்டுவிட்டு போகிறவர்களும் உண்டு. தெருவில் அவிழ்த்து விடுகிறவர்களும் உண்டு. சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்க விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை சிக்கினால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான்! டீ, வடை காசு. அப்புறம் யார் பயப்படுவாங்க?

சட்டம் காப்பாற்றாது, ரயிலிலும் வசதி இல்லை. 4 நாள் பயணம்தான் என்றால், நாய்க்கு பழக்கமான பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியையும் சோற்றுக்கு காசையும் கொடுத்துவிட்டு போவதே கூண்டை விட மேல். நமக்கு 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்கிறோம். வாயில்லா ஜீவனுக்கு என்ன வழி என்று அன்னிக்கே யோசித்தால், கிளம்புற அன்னிக்கு அது தெருவுக்கு போகாது.