பையில் இருக்கும் கம்ப்யூட்டர்

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு கரை புரண்டு ஓடினாலும், மதகும் வாய்க்காலும் இல்லாத வயலுக்கு அதனால் பிரயோஜனம் கிடையாது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நிலங்களுக்குக் காவேரி ஜலம் பாய ஆரம்பித்தது 1934-ஆம் வருஷத்தில் கல்லணைக் கால்வாய் வந்த பிறகுதான். காவேரி என்னவோ அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

நம்முடைய கைபேசிகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. பெயரளவில் அது பேசுகிற கருவி. உள்ளே இருப்பதோ பூரணமான ஒரு கம்ப்யூட்டர். கணக்கு எழுதவும் கட்டுரை தயாரிக்கவும் வேண்டிய சக்தி எல்லாம் அதற்கு உண்டு. முகம் சிறியதாயிருப்பதுதான் குறை. பட்டா, சிட்டா பார்ப்பது, நெல் கொள்முதலுக்குப் பெயர் பதிவது, கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் இன்டர்நெட் மூலம் நடக்கிற இந்நாளில், அந்தச் சிறு கண்ணாடியில் விரலால் தடவித் தடவிச் சலித்துப் போய், கடைசியில் இ-சேவை மையத்தின் வாசலில் போய் நிற்பவர்கள் எத்தனை பேர்!

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கைபேசியின் அடியிலுள்ள துவாரத்திலிருந்து ஒரு கம்பியைக் கூடத்திலுள்ள டெலிவிஷனுக்குக் கொண்டுபோக வேண்டியது, ஒரு விசைப் பலகையையும் மௌஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். டெலிவிஷன் திரை மேஜைக் கம்ப்யூட்டரைப் போல் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மறு பக்கம் விடை எழுதலாம்.

யோசனை புதிதன்று. மோட்டோரோலா கம்பெனியார் 2011-ல் ‘ஏட்ரிக்ஸ்’ கைபேசியுடன், தனக்கென்று மூளையில்லாத ஒரு மடிக்கணினிக் கூட்டையும் விற்றார்கள், அது நிலைக்கவில்லை. மைக்ரோஸாப்ட் 2015-ல் ‘கன்டினியம்’ என்ற பெயரில் முயன்றது. அந்தக் கைபேசிகளே பிறகு மறைந்து போயின. 2017-ல் ஸாம்ஸங் கொண்டுவந்த ‘டெக்ஸ்’தான் வேரூன்றியது. 2025-ல் கூகிளும் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இந்த ஏற்பாட்டைச் சேர்க்க முற்பட்டது.

இவ்வளவு இருந்தும் நம் வீடுகளில் இது ஏன் பரவவில்லை? மதகு இல்லாததுதான் காரணம். யு.எஸ்.பி.-சி துவாரம் எல்லாக் கைபேசியிலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை அதன் வழியாகப் படத்தை வெளியே அனுப்புவதில்லை. மின்சாரம் ஏற்றவும், கோப்புகளை மாற்றவுமே அது பயன்படும். தனிக் கம்ப்யூட்டர் வாங்கச் சக்தியுள்ளவர்களின் கைபேசியில் இந்த வசதி இருக்கிறது. அதற்கு வகையில்லாத குடும்பத்தின் கைபேசியில் இல்லை. ஆற்றுத் தலைப்பில் தண்ணீர் வழிந்தோட, கடைமடை காய்கிற விந்தை இங்கேயும்தான்!

ஆகையால், புதிதாகக் கைபேசி வாங்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். தட்டிப் பார்க்காமல் சட்டி வாங்குவதில்லை அல்லவா? அதுபோல், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதை ஒரு டெலிவிஷனுடன் கம்பியால் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். துவாரத்தில் ‘டிஸ்ப்ளே போர்ட்’ வசதி உண்டா என்றும் கேளுங்கள். டெலிவிஷனில் ஹெச்.டி.எம்.ஐ. வாய் இருப்பதும் அவசியம். 2006-ல் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பழைய கலர் டெலிவிஷன் இதற்கு உதவாது. வேலை நடக்கும்போதே மின்சாரமும் ஏறும்படியான இணைப்பியாக வாங்குவது நல்லது.

பழைய கைபேசியே போதும் என்பவர்களும் மனம் தளர வேண்டாம். அநேகமாக எந்த ஆண்ட்ராய்டு கைபேசியுடனும் கம்பியில்லாத ‘புளூடூத்’ விசைப் பலகையைச் சேர்க்கலாம். ஸ்மார்ட் டெலிவிஷன் இருந்தால், பல கைபேசிகளின் படத்தை அதில் அப்படியே பெரிதாகக் காட்டலாம். அது மேஜைக் கம்ப்யூட்டர் ஆகிவிடாது. ஆனாலும் கண்ணுக்கும் விரலுக்கும் பாதிக் கஷ்டம் குறையும்.

ஒரு சங்கடம் மட்டும் எந்தக் கம்பியாலும் தீராது. வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால், அப்பா வயலுக்குப் புறப்படும்போது பிள்ளையின் கம்ப்யூட்டரும் கூடவே வயலுக்குப் புறப்பட்டுவிடும்! 2011-ல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கம் மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அது பிள்ளைக்கென்றே சொந்தமாயிருந்தது. அந்த இடத்தைக் கடன் வாங்கிய கைபேசி நிரப்ப முடியாது.

எனவே, கைபேசி இருக்கிறதே, கம்ப்யூட்டர் எதற்கு என்று பெற்றோர் தீர்மானிப்பதற்கு முன்னால், அது மாலையில் எத்தனை நாழிகை பிள்ளையின் கையில் இருக்கும் என்பதையும் கணக்குப் பார்ப்பது உசிதம். மதகு இருந்தால் மட்டும் போதாது. முறைத் தண்ணீரும் கிடைக்க வேண்டும்.