ஒரே வடத்தில் ஆற்றலும் செய்தியும்

பேட்டரியில் பாடும் பழைய வானொலிப் பெட்டி, பக்கத்தில் மிக்சி சுழலும்போது கரகரவென்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே கம்பி ஏதும் இல்லை. ஆனாலும் மிக்சியின் மின்பொறிகள் வானொலியை எட்டிவிடுகின்றன. தொழிற்சாலைகளிலும் இதே தொல்லை உண்டு.

சர்வோ மோட்டார் என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி, அங்கேயே நிற்கும் மோட்டார். கோயம்புத்தூரில் தயாராகும் சி.என்.சி. கடைசல் எந்திரங்களில் வெட்டுளியை நகர்த்துவது இதுதான். மோட்டாரின் பின்புறமுள்ள என்கோடர், 'இப்போது இந்தக் கோணத்தில் இருக்கிறேன்' என்று டிரைவ் பெட்டிக்கு ஓயாமல் செய்தி அனுப்பும். ஆகவே ஆற்றலுக்கு ஒரு வடம், செய்திக்கு ஒரு வடம் என இரண்டு போடுவது வழக்கம். 2010க்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக்கிய வடங்கள் பரவின. மோட்டாருக்கு மூன்று கம்பிகள், புவி இணைப்புக்கு ஒன்று, பிரேக்குக்கு இரண்டு, செய்திக்கு இரண்டு. எல்லாம் ஒரே உறைக்குள்!

ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், பொங்கலுக்குக் காரைக்கால் வந்தபோது குறைப்பட்டுக்கொண்டார். "சார், ஒரே வடம் வாங்கிப் போட்டோம். மோட்டார் வேகமெடுக்கும்போதெல்லாம் என்கோடர் பிழை என்று நின்றுவிடுகிறது. முதலாளி அதைக் கழற்றி எறியச் சொல்கிறார்."

வடத்தின் மீது பழி போடுமுன் ஒரு சிறு கணக்குப் போடுவோம். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் ஏறத்தாழ 565 வோல்ட் கிடைக்கும். டிரைவ் இதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. ஒரு வெட்டில் மின்னழுத்தம் 0.1 மைக்ரோநொடியில் ஏறுவதாகவும், பக்கத்துச் செய்திக் கம்பியோடு 10 பிக்கோஃபாரடு மின்தேக்குதிறன் இருப்பதாகவும் கொள்வோம். மின்தேக்குதிறனை மின்னழுத்தம் ஏறும் வீதத்தால் பெருக்கினால் 56 மில்லியாம்பியர் வரும். செய்திக் கம்பிக்கு இது பெரிய அடி.

இந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் செய்திக் கம்பிகளைச் சுற்றித் தனியாகவும், வடம் முழுவதையும் சுற்றிப் பொதுவாகவும் செம்புப் பின்னல் கவசம் வைக்கிறார்கள். கவசம் வாங்கிய மின்னோட்டம் தடையின்றிப் புவிக்குப் போகவேண்டும். மாணவரின் பட்டறையிலோ கவசத்தை முறுக்கி, 10 சென்டிமீட்டர் வால்போல் நீட்டி, திருகில் மாட்டியிருந்தார்கள். அத்தகைய வாலின் மின்தூண்டல் சுமார் 100 நானோஹென்றி. நேர்மின்சாரத்துக்கு அது ஒன்றுமில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலோ 6 ஓமுக்கு மேல் மறுப்புக் காட்டும். புவிக்குப் போகவேண்டிய வழியிலேயே ஒரு தடுப்புச் சுவர்! வாலை வெட்டிவிட்டு, கவசத்தைச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும் உலோகக் கவ்வியை இரு முனைகளிலும் போடச் சொன்னேன். அதே வடம் இன்று பிழையில்லாமல் ஓடுகிறது.

ஆகையால், என் கருத்து இது: ஒரே வடம் நல்ல ஏற்பாடுதான். செம்பு மிச்சம், இடம் மிச்சம், இணைப்பு வேலையில் பாதி மிச்சம். ஆனால் அளவும் விலையும் மட்டும் பார்த்து அதை வாங்கக்கூடாது. நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். டிரைவும் என்கோடரும் இரு கம்பி வழியே ஒரே எண்முறையில் பேசுபவையா? செய்திக் கம்பிகளுக்குத் தனிக் கவசம் உண்டா? எந்திரத்தோடு ஓயாமல் வளைந்து நிமிர ஏற்ற வடமா? நமக்கு வேண்டிய நீளம் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், இரண்டு வடங்களே சரி.

காரைக்கால் போன்ற கடலோர ஊர்களுக்கு ஐந்தாவது கேள்வியும் உண்டு. நம் காற்றில் உப்பு இருக்கிறது. செம்பு களிம்பேறினால் கவ்வியின் பிடி பெயரளவுக்கே இருக்கும். எனவே வெள்ளீயம் பூசிய பின்னலா என்றும் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை கவ்வியைத் திறந்து துடையுங்கள்.

மாணவ நண்பர்களே, மின்தேக்குதிறனும் மின்தூண்டலும் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. அந்த முதலாளி தூக்கி எறிய இருந்த வடத்தைக் காப்பாற்றியது, நீங்கள் பள்ளியிலேயே படிக்கப்போகும் இரண்டு சமன்பாடுகள்தாம்.