பூனைக்குட்டிக்கும் ஒரு செவிலி

சங்க அகப்பாடல்களைப் பயிலும் நம் மாணவர்க்குச் செவிலி புதியவள் அல்லள். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தான் பெறாத மகளைச் சீராட்டி வளர்ப்பவள் அவள். அம்மகள் தலைவனொடு சென்றபின் வெறுமனையில் நின்று கலங்குபவளும் அவளே. தனதல்லாத ஓர் உயிரைத் தனதேபோல் காத்து, பின் பிறர் மனைக்கு உரியதாக்கும் அப்பண்பு மனித உயிரோடு நின்றுவிட வேண்டுமா? நோயுற்ற ஒரு பூனைக்குட்டிக்கும் அது வேண்டும் என்பதே நம் கருத்து.

சவ்வாதுமலையின் புதூர்நாட்டை எண்ணிப் பார்ப்போம். திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் சென்றடையும் அப்பகுதியில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை முதலிய சிறுதானியங்களை விளைவித்து வாழ்கின்றனர். தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தைப் பாம்பு நாடும். எனவே அங்கே பூனை வெறும் அழகுப்பொருளன்று, விளைச்சலின் காவலாள். ஆயினும் ஈனும் குட்டிகள் அனைத்திற்கும் மனை கிடைப்பதில்லை. கண்ணில் பீளை கட்டி, வயிறு ஊதி, வழியோரத்தில் கத்திக்கொண்டிருக்கும் ஒரு குட்டியை நாட்டுநலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்ற மாணவர் ஒருவர் காண்கிறார் என்று கொள்வோம். இரக்கத்தோடு எடுப்பார்; ஒரு கிண்ணம் பசும்பால் வைப்பார்; முகாம் முடிந்ததும் அங்கேயே விட்டு இறங்கிவிடுவார். அவர்தம் இரக்கம் உண்மையானதே. ஆனால் குட்டி பிழைப்பது அரிது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றுகிறோம். கொடை ஒரு பொழுதில் முடிவது. வளர்ப்போ நாள்தோறும் புதிதாய்த் தொடங்குவது. மீட்டவரைப் பலர் பாராட்டுவர். ஏற்பவர் பூனையைப் பெறுவர். இடையில் நின்று சில வாரங்கள் கண்விழித்துக் காத்தவரை எவரும் அறியார். அந்த இடைக்காலத்தில்தான் குட்டியின் உயிர் ஊசலாடுகிறது.

மலையில் எழவேண்டிய முதற்கேள்வி, 'இது வீட்டுப்பூனையின் குட்டிதானா?' என்பதாகும். தொல்காப்பிய மரபியல் வெருகு எனச் சுட்டும் காட்டுப்பூனை, இன்றும் நம் காடுகளிலும் விளைநிலங்களின் ஓரங்களிலும் வாழ்கிறது. அதன் குட்டி வீட்டுக்குட்டியைப் போலவே தோன்றும். தாய் இரைதேடிச் சென்றிருக்கும், திரும்பியும் வரும். அக்குட்டியை எடுத்து வளர்ப்பது அன்பன்று. தாயிடமிருந்து பிரிக்கும் கொடுமை. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். ஐயம் இருப்பின் தொடாது வனத்துறையினருக்குத் தெரிவித்தலே முறை. வீட்டுக்குட்டியாயினும், நலமாக இருப்பின் சில மணிநேரம் தள்ளிநின்று தாய் வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும். நோயுற்றுக் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கையிலெடுத்தலே தகும்.

எடுத்தபின் அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். உடல் குளிர்ந்துபோன குட்டிக்கு உணவு செரிக்காது. மலையின் இரவுக் குளிரில் அதற்கு முதல் மருந்து வெப்பமே. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தல் போதும். பசும்பால் பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்கும். கழிச்சல் சிறுகுட்டியின் உயிரையே பறிக்கும். பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவை மருத்துவர் சொற்படி கரைத்து, குட்டியைக் குப்புறக் கிடத்தி ஊட்டவேண்டும். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் புகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் எடை கூடுவது நலத்தின் அறிகுறி. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொல்லக்கூடும். ஆதலால் திருப்பத்தூருக்கு இறங்கியேனும் கால்நடை மருத்துவரைக் காண்பதே வழி. பிற பூனைகளிடமிருந்து இரண்டு வாரமேனும் அதனைத் தனித்து வைத்தல் வேண்டும். கடித்தாலோ கீறினாலோ புண்ணைச் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனையை நாடவேண்டும். கருவுற்ற பெண்கள் அதன் கழிவை அள்ளலாகாது.

'மலைவாழ் மக்களுக்கே மருத்துவமனை தொலைவில் இருக்க, பூனைக்கு மருத்துவமா?' எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. மனிதர்க்குரிய பங்கை எடுத்துப் பூனைக்கு ஈயுமாறு நாம் கூறவில்லை. ஓர் அட்டைப்பெட்டி, சில கந்தைத் துணிகள், சிறு செலவு, ஓய்வுநேரத்தில் ஒரு பகுதி ஆகியவையே நாம் வேண்டுவன. மேலும், தடுப்பூசி இட்ட பூனை ஊராரை வெறிநோய் அச்சத்திலிருந்து காக்கிறது; வீட்டுப்பூனைகளின் தொற்று காட்டுப்பூனைகளுக்குப் பரவாதிருக்கவும் துணைசெய்கிறது.

இஸ்லாமிய மரபும் இவ்வறத்திற்கு அயலானதன்று. பூனைக்குட்டியின்பால் கொண்ட அன்பினாலேயே அபூ ஹுரைரா (ரலி) என்னும் பெயர் அந்த நபித்தோழருக்கு அமைந்தது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அதுவே இரைதேட அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம்மில் பலர் அறிவர். பொறுப்பை ஏற்று, அதனைப் பாதியில் கைவிடுதலின் கொடுமையை அது உணர்த்துகிறது. பிறர்க்குரியதைக் காத்து ஒப்படைத்தலை அமானிதம் என்கிறோம். வளர்த்துக் கொடுக்கப்போகும் குட்டியும் அத்தகைய அமானிதமே.

எப்போது ஒப்படைக்கலாம்? குறைந்தது எட்டு வார வயது நிரம்பி, தானே உண்டு, மணற்தட்டில் கழித்து, கண் தெளிந்து, குடற்புழு நீங்கி, முதல் தடுப்பூசியும் பெற்றபின் ஒப்படைக்கலாம். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், உரிய பருவத்தில் கருத்தடையும் செய்விக்க இசையும் இல்லத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். கொடுக்கும் நாளில் மனம் நோகும். நாமே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைத்துக்கொண்டால் அடுத்த குட்டிக்குப் பெட்டி காலியாக இராது.

கல்லூரிகள் இதற்கென இரண்டு செயலேனும் செய்யலாம். மலைமுகாம் தொடங்குமுன் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து மாணவர்க்கு ஒரு மணிநேரம் பயிற்சி அளிக்கலாம். குட்டியைச் சில வாரம் காக்க இசையும் இல்லங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பேணிவரலாம். அப்பட்டியலில் முதற்பெயரை எழுத முன்வருவோர் நம் ஆசிரியர்களாக இருத்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.