சீட்டே பேசட்டும்!

அமெரிக்காவில் போக்கர் என்றொரு சீட்டாட்டம் உண்டு. கடைசியில் யார் கை உயர்ந்ததோ, நடுவில் குவிந்த பணம் அவருக்கே. சரி, ஜெயித்தவருக்கே தாம் ஜெயித்தது தெரியாவிட்டால்?

மேஜையில் 6, 7, 8, 9, ராஜா கிடக்கின்றன. ஒருவர் தம்மிடமிருந்த ராஜாவையும் 10-ஐயும் விரித்து, "ராஜா ஜோடிதான்" என்று பெருமூச்சு விடுகிறார். எதிராளியிடம் ராஜா ஜோடியும் 9 ஜோடியும். அவர் பணத்துக்குக் கை நீட்டுகிறார். ஆனால் 6 முதல் 10 வரை வரிசை முதல்வரிடம் அல்லவா இருக்கிறது? இரண்டு ஜோடியை வரிசை வெல்லுமே!

பக்கத்திலிருப்பவர் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். வாய் சொன்னது செல்லாது, விரித்த சீட்டே பேசும் என்பது விதி. 2001-ல் தொடங்கிய போக்கர் போட்டி நடத்துநர் சங்கத்தின் விதிகளும், இப்படித் தவறு நேரவிருந்தால் எல்லா ஆட்டக்காரர்களும் எடுத்துச் சொல்வதை வரவேற்கின்றன.

ஆனால் சீட்டை விரிக்காமல் வைத்திருப்பவருக்கு யோசனை சொல்லக் கூடாது. ஒரு கையை ஒருவரே ஆட வேண்டும். எட்டிப் பார்த்துவிட்டு, "கவிழ்க்காதீர்கள்!" என்பது உதவியல்ல, மற்றவர் பணத்தில் செய்யும் தர்மம்!

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கிவிட்டாலோ, முறையிடும் உரிமை போயிற்று. ஆகவே சந்தேகமிருந்தால் இரண்டு சீட்டையும் விரித்து வைப்பதே புத்திசாலித்தனம்.

சொல்லும்போது சிரிக்காமல் சொல்வது மரியாதை. பணத்துக்குக் கை நீட்டியவரே, "இது உங்களுடையது" என்று நகர்த்தி வைத்தாரானால், அவர் தோற்றது ஆட்டத்தில் மட்டுந்தான்.